ராக்கெட்டுக்குள் ரப்பர் வந்த கதை

1920களின் நடுவில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஜோசப் பேட்ரிக் என்ற வேதியியலாளர், குளிர்காலத்தில் கார் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க ஊற்றும் திரவத்தை மலிவாகச் செய்ய வழி தேடிக்கொண்டிருந்தார். எத்திலீன் டைகுளோரைடோடு சோடியம் பாலிசல்ஃபைடைச் சேர்த்துப் பார்த்தார். திரவம் வரவில்லை. கோந்துக் கட்டி போல ஒன்று வந்தது. கந்தக நாற்றம் ஆளை வெளியே விரட்டியது. கழுவுதொட்டியில் கொட்டினார், குழாய் அடைத்துக்கொண்டது. கையிலிருந்த கரைப்பான்களை ஊற்றிப் பார்த்தார், அடைப்பு இளகவில்லை.

வேறொருவராக இருந்தால் பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். பேட்ரிக் அடைத்துக்கொண்ட பொருளையே திரும்பிப் பார்த்தார். எதிலும் கரையாத ரப்பர் என்றால் பெட்ரோல் குழாய்க்கு ஆகுமே! இயற்கை ரப்பர் பெட்ரோலிலும் எண்ணெயிலும் ஊறிக் கெட்டுப்போகும், இது போகாது. பெவிஸ் லாங்ஸ்ட்ரெத் என்ற உப்பு வியாபாரி பணம் போட்டார். தயோகால் கம்பெனி பிறந்தது. அமெரிக்கச் சந்தைக்கு வந்த முதல் செயற்கை ரப்பர்களில் ஒன்று இது. நாற்றத்தை அக்கம்பக்கத்தார் பொறுக்கவில்லை. கம்பெனி ஊரைக் காலி செய்துகொண்டு நியூ ஜெர்சியின் டிரென்டனுக்குப் போனது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் பெட்ரோல் குழாய், விமான எரிபொருள் தொட்டிக்கு மூட்டுப்பூச்சு என்று சின்ன வியாபாரம்தான்.

அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளை 1958இல் சுற்றுப்பாதையில் ஏற்றிவிட்ட மோட்டார்களுக்குள் இந்த ரப்பர்தான் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் சார்ல்ஸ் பார்ட்லி என்ற பொறியாளர். ராக்கெட் வரலாறு படிப்பவர்களுக்கு ஃபான் பிரவுனைத் தெரியும். கொஞ்சம் ஆழமாகப் படித்தவர்களுக்கு ஜாக் பார்சன்ஸைத் தெரியும். பார்சன்ஸுக்கு வாழ்க்கை வரலாறுகளும் ஒரு தொலைக்காட்சித் தொடரும்கூட உண்டு. பார்ட்லிக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை. அவர் செய்ததோ, இன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி.யின் அடிக்கட்டம் வரை நீடிக்கும் வேலை.

*

திட எரிபொருள் மோட்டார் பார்ப்பதற்கு எளிமையானது. ஒரு குழாய், அதன் அடியில் வாயு வெளியேற ஒரு நாசில், உள்ளே அடைத்த மருந்து. எரியும் பொருளும், அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் உப்பும் மருந்திலேயே கலந்திருக்கும். வெளிக்காற்று வேண்டாம், பம்பு, வால்வு, தொட்டி எதுவும் வேண்டாம். தீபாவளி ராக்கெட்டும் இதே இனம்தான். பற்றவைத்துவிட்டால் நிறுத்த முடியாது என்பது அதற்கும் பொருந்தும், நூறு டன் மோட்டாருக்கும் பொருந்தும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மருந்து மேற்பரப்பில்தான் எரியும். எத்தனை சதுர அடி எரிகிறதோ அதற்கேற்ற அளவு வாயு, வாயுவுக்கேற்ற அழுத்தம். அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். கட்டிக்குள் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீ அதற்குள் புகுந்தால் விரிசலின் இரண்டு சுவர்களும் எரியத் தொடங்கும். கணக்கில் இல்லாத பரப்பு, கணக்கில் இல்லாத வாயு. நாசிலின் சின்ன வாய் வழியாக அவ்வளவும் வெளியேற முடியாது. குழாய் வெடிக்கும்.

ஆகவே ராக்கெட் பொறியாளருக்கு நெருப்பு உண்டாக்குவது பெரிய பாடாக இருந்ததில்லை. நெருப்பை ஒரே கட்டியாக, விரியாமல், சுவரை விட்டு விலகாமல் பிடித்து வைப்பதற்குத்தான் பாடுபட்டார்கள். மருந்துத் தூளை ஒட்டிப் பிடிக்கும் பொருளை இத்துறையில் பைண்டர் என்பார்கள். திட மோட்டாரின் முழு வரலாறும் நல்ல பைண்டரைத் தேடிய வரலாறுதான் என்று சொல்வேன்.

*

தேடல் தொடங்கிய இடம் கலிஃபோர்னியாவின் பாசடீனா. கால்டெக் பல்கலைக்கழகத்தில் தியோடர் ஃபான் கார்மானிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் ஃப்ராங்க் மலீனா. பட்டம் எதுவும் இல்லாமல் தானே வேதியியல் கற்ற பார்சன்ஸும், மெக்கானிக் எட் ஃபோர்மனும் அவரோடு சேர்ந்தார்கள். 1936 அக்டோபர் 31 அன்று அர்ரோயோ செக்கோ என்ற வறண்ட ஆற்றுப்படுகையில் முதல் சோதனை. கல்லூரி வளாகத்தில் ஒன்றிரண்டு விபத்துகளுக்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு ‘தற்கொலைப் படை’ என்று பட்டப்பெயர் விழுந்தது. பிற்காலத்தில் சீனாவின் ஏவுகணைத் திட்டத்துக்குத் தந்தை என்று பெயரெடுத்த சியான் சுயேசென்னும் அந்தப் படையில் ஒருவர். அமெரிக்கா அவரைக் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து ஐந்து ஆண்டுகள் அலைக்கழித்து 1955இல் நாட்டை விட்டு அனுப்பியது. லாபம் யாருக்கு என்று பெய்ஜிங்கைக் கேட்டால் தெரியும்.

ராணுவத்துக்கு ராக்கெட்டின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு வேறொரு தேவை இருந்தது: குண்டு சுமந்த கனத்த விமானம் குட்டையான ஓடுதளத்திலிருந்து எழும்பப் பின்னாலிருந்து ஒரு தள்ளு. 1939இல் அறிவியல் அகாடமி வழியாக முதலில் ஆயிரம் டாலர், பிறகு பத்தாயிரம் டாலர் வந்தது. ராக்கெட் என்ற சொல்லே கேலிக்குரியதாக இருந்த காலம் என்பதால் ‘ஜெட்’ என்று எழுதிக்கொண்டார்கள். இன்றும் அந்த நிறுவனத்தின் பெயர் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி, சுருக்கமாக ஜே.பி.எல். செவ்வாய்க்கு ஊர்தி அனுப்பும் இடத்தின் பெயரில் ராக்கெட் இல்லாததற்கு அந்தக் காலத்துக் கூச்சம்தான் காரணம்.

விமானத்தைத் தள்ள வேண்டுமென்றால் மோட்டார் பத்து விநாடிக்கு மேல் சீராக எரிய வேண்டும். அதுவரை இருந்த மருந்து ராக்கெட்டுகள் ஒன்றிரண்டு விநாடிகளில் தீர்ந்துவிடுபவை. நீண்ட நேரம் எரியவிட்டால் அழுத்தமும் எரிவேகமும் ஒன்றையொன்று துரத்தி ஏறி, கடைசியில் வெடித்துத்தான் முடியும் என்றார்கள் விவரமறிந்தவர்கள். 1940இல் ஃபான் கார்மான் கேள்வியைச் சமன்பாடுகளாக எழுதி மலீனாவிடம் கொடுத்தார். மலீனா தீர்த்துப் பார்த்தார். எரியும் பரப்புக்கும் நாசில் வாயின் பரப்புக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருந்தால் அழுத்தம் தானாகவே ஓர் அளவில் நிலைத்து நிற்கும் என்று விடை வந்தது. நீண்ட நேரம் எரியும் மோட்டார் இயற்கைக்கு விரோதமானதல்ல என்பது காகிதத்தில் உறுதியாயிற்று. இனி விகிதம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது விரிசல் கூடாது.

பார்சன்ஸ் கருமருந்து வகையொன்றைச் சிறு குழாயில் ஹைட்ராலிக் அழுத்தியால் அடுக்கடுக்காக இடித்து நிரப்பினார். சிகரெட் போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எரியும் ஏற்பாடு. 28 பவுண்டு உந்துவிசை, 12 விநாடி. 1941 ஆகஸ்டில் மார்ச் ஃபீல்டு விமானதளத்தில் எர்கூப் என்ற குட்டி விமானத்தின் இறக்கைகளுக்கடியில் இவற்றைக் கட்டி, லெப்டினன்ட் ஹோமர் பூஷி ஓட்டினார். தரையில் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியானது. அதே மாதம் 23ஆம் தேதி முன்னாலிருந்த சுழல்விசிறியையே கழற்றிவிட்டு, வெறும் ராக்கெட் விசையில் விமானம் எழுந்தது. அமெரிக்காவில் அப்படிப் பறந்த முதல் விமானம் அது.

படங்களில் இந்தக் காட்சி அருமையாக இருக்கும். படத்தில் தெரியாதது ஒன்று: அந்த மோட்டார்களை அன்றன்று நிரப்பி அன்றன்றே சுட வேண்டியிருந்தது. சில நாள் வைத்திருந்தால் பகல் வெப்பத்திலும் இரவுக் குளிரிலும் கட்டி விரிந்து சுருங்கும். நடுவில் வெடிப்பு விழும். குழாயின் சுவரை விட்டு விலகும். அப்புறம் பற்றவைத்தால் வெடிதான். போர்க்கப்பலில் மாதக்கணக்கில் அடுக்கி வைக்க வேண்டிய பொருளை அன்றன்று இடித்து நிரப்ப முடியுமா?

1942இல் பார்சன்ஸ் தாருக்கு வந்தார். கூரைக்குத் தார் பூசும் ஆட்களைப் பார்த்தபோது யோசனை தோன்றியதாக ஒரு கதை உண்டு. எப்படித் தோன்றியிருந்தாலும் அது பெரிய தாவல். அதுவரை எல்லோரும் மருந்தை இடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் தாரை உருக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, பொட்டாசியம் பெர்குளோரேட் உப்பைக் கொட்டிக் கிளறி, குழாயில் ஊற்றினார். ஆறியதும் கெட்டியானது. உப்பு நூற்றில் 76 பங்கு. மீதித் தாரும் எண்ணெயும். தார்தான் எரிபொருள், தார்தான் பைண்டர். ஊற்றி வார்க்கும் ராக்கெட் மருந்து இங்கேதான் தொடங்குகிறது. ஊற்றலாம் என்று ஆனபிறகு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் செய்யலாம். இடிப்பதென்றால் அழுத்தியின் அளவோடு நின்றுவிட வேண்டியதுதான்.

ஆனால் சித்திரை வெயிலில் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் தாரை நினைத்துப் பாருங்கள். பாலைவனத்தில் அது இளகி வழியும். வட கடலில் கண்ணாடி போல நொறுங்கும். பொட்டாசியம் உப்பு வேறு எரியும்போது வெள்ளைப் புகையை மூட்டமாகக் கக்கும். பின்னால் வரும் விமானிக்கு ஓடுதளம் தெரியாது. போர்க்காலத்தில் கடற்படை இதை ஆயிரக்கணக்கில் வாங்கியது, வேறு கிடைக்கவில்லை என்பதால். பார்சன்ஸ் 1944இல் இந்த வேலையை விட்டு வெளியேறினார். மாந்திரீகச் சபையொன்றில் மூழ்கிய அவருடைய பிற்பகுதி வாழ்க்கையைப் பற்றித்தான் புத்தகங்கள் அதிகம் எழுதுகின்றன. 1952 ஜூனில் வீட்டு ஆய்வுக்கூடத்தில் நடந்த வெடிப்பில் 37 வயதில் இறந்தார்.

*

பார்ட்லி ஜே.பி.எல்.லுக்கு வந்தபோது அவர் முன்னால் இருந்தது இந்தத் தார். தார் செய்ய முடியாததை எது செய்யும்? வெயிலில் வழியாமலும் குளிரில் உடையாமலும் இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பும் பொருள் வேண்டும். விடை எளிது: ரப்பர். போரின்போது ஜப்பான் தென்கிழக்காசிய ரப்பர் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டதால் அமெரிக்கா செயற்கை ரப்பரில் பணத்தை வாரி இறைத்திருந்தது, வகைகளுக்குப் பஞ்சமில்லை. பார்ட்லி ஒவ்வொன்றாக எடுத்தார். கெட்டி ரப்பரில் உப்புத் தூளைப் பிசைந்து அச்சில் அழுத்திச் செய்யும் முறைகள் சின்னத் துண்டுகளுக்கு ஒத்துவந்தன. பெரிய மோட்டாருக்கு அவ்வளவு அழுத்தம் கொடுக்க இயந்திரம் கிடையாது. மறுபடியும் இடிக்கும் கதைதான்.

அவருக்கு வேண்டியது ஊற்றும்போது திரவமாகவும் ஊற்றியபின் ரப்பராகவும் ஆகும் ஒன்று. உருக்கி ஆறவைப்பதாகவும் இருக்கக் கூடாது. உருகும் பொருள் மறுபடியும் வெயிலில் உருகும். அப்படி ஒன்று தயோகால் கம்பெனியில் ஏற்கெனவே டப்பாவில் விற்றுக்கொண்டிருந்தது. பேட்ரிக் தம் நாறும் ரப்பரைப் போர்க்காலத்தில் திரவ வடிவத்திலும் செய்திருந்தார். எல்.பி.-2 என்று பெயர். விமானத்தின் பெட்ரோல் தொட்டி மூட்டுகளில் பூசி, சேர்மானத்தைக் கலந்துவிட்டால் தானாக இறுகி ரப்பராகும். பார்ட்லி அதில் உப்பைக் கலந்து ஊற்றிப் பார்த்தார். 1940களின் நடுவில் நடந்த இந்தச் சோதனைதான் இக்கதையின் மையம்.

அதில் ஒரு நன்மை கேட்காமலே கிடைத்தது. மூட்டுப்பூச்சு என்றால் உலோகத்தில் ஒட்ட வேண்டும் என்பதற்காகவே செய்தது. மோட்டார் குழாயில் ஊற்றியபோதும் அது சுவரோடு ஒட்டிக்கொண்டது. தார் சுவரை விட்டு விலகுவதுதான் பெரிய ஆபத்தாக இருந்தது. இது விலகவே இல்லை. குழாய் விரிந்தால் மருந்தும் கூடவே இழுபட்டு விரிந்தது.

சுவரில் ஒட்டியதும் இன்னொரு கதவு திறந்தது. முனையிலிருந்து எரியும் மோட்டாரில் தீ நகர நகரக் குழாயின் சுவர் வெந்துகொண்டே போகும்; ஆகவே குழாய் தடிமனாக, கனமாக இருக்க வேண்டும். மருந்தின் நடுவில் நீளமாக ஒரு துளை விட்டு, துளையின் உட்சுவரில் பற்றவைத்தால்? தீ நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகரும். கடைசி நொடி வரை மருந்தே சுவருக்குக் கவசம். குழாய் தகடு அளவுக்கு மெலியலாம். வட்டத் துளை என்றால் எரிய எரிய அகலமாகிப் பரப்பு கூடும், அழுத்தமும் ஏறும். அதைச் சரிக்கட்டத் துளையை நட்சத்திர வடிவில் செய்ய வேண்டும் என்ற யோசனை பிரிட்டனில் ஏற்கெனவே இருந்தது. நட்சத்திரத்தின் முனைகள் எரிந்து மழுங்கும் வேகமும், துளை அகலும் வேகமும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஜே.பி.எல்.லில் ஜான் ஷாஃபர் அதற்கான கணக்கைப் போட்டார். 1947-48இல் தண்டர்பேர்ட் என்ற ஆறு அங்குல விட்ட ராக்கெட்டில் சுவரோடு ஒட்டிய ரப்பர் மருந்தும் நட்சத்திரத் துளையும் சேர்ந்தன. புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு முடுக்கத்தைத் தாங்கி மருந்து அசையாமல் இருந்தது. இந்தக் காலத்தில்தான் பொட்டாசியம் உப்பின் இடத்துக்கு அம்மோனியம் பெர்குளோரேட் வந்தது. முழுதும் வாயுவாகப் போகும். புகையும் குறைவு, விசையும் அதிகம்.

அடுத்து அடி விழுந்தது. சார்ஜென்ட் என்ற பெயரில் 15 அங்குல விட்டத்தில் பெரிய மோட்டார் ஒன்றைத் திட்டமிட்டார்கள். மெல்லிய குழாய், கூர்மையான நட்சத்திர முனைகள். தரைச் சோதனையில் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கூர்முனைகளில் இழுவிசை குவிந்து அங்கிருந்து விரிசல் புறப்பட்டது. எல்லாம் சரியாக இருந்து, ஒரு மூலையைக் கொஞ்சம் உருட்டிவிட மறந்த தவறு அது! ஜே.பி.எல். இயக்குநர் லூயி டன் 1950இல் திட்டத்தை நிறுத்தினார். பார்ட்லியும் பிறகு அங்கிருந்து விலகி, 1950களின் தொடக்கத்தில் கிராண்ட் சென்ட்ரல் ராக்கெட் கம்பெனியைத் தொடங்கினார்.

டன் அவசரப்பட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. கைவிட்ட வேலையை எடுத்துக்கொண்டது தயோகால். ஜே.பி.எல். சின்னச் சின்ன அளவில் எல்.பி.-2 வாங்கிக்கொண்டே இருப்பதைக் கவனித்துத்தான் கம்பெனியின் தலைவர் ஜோசப் கிராஸ்பி விசாரிக்கக் கிளம்பினார் என்று சொல்வார்கள். டப்பா விற்கப் போன கம்பெனி மோட்டாரே செய்ய இறங்கியது. மேரிலாந்தின் எல்க்டனில் தொடங்கி அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லுக்குப் போனது. அங்கே நட்சத்திர முனைகளை உருட்டினார்கள், குழாயைக் கொஞ்சம் தடித்தார்கள். வெடிப்பு நின்றது. 31 அங்குல விட்டமுள்ள மோட்டார் 1953இல் கேப் கனாவெரலிலிருந்து பறந்தது.

*

1957 அக்டோபரில் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் சுற்றத் தொடங்கியதும் அமெரிக்காவுக்கு அவசரம். ஃபான் பிரவுனின் ரெட்ஸ்டோன் வகை திரவ ராக்கெட் அடியில். அதன் தலையில் ஜே.பி.எல். செய்த திட மோட்டார்கள். எங்கிருந்து வந்தன? கைவிட்ட சார்ஜென்டைச் சின்னதாக்கி, ஆறு அங்குல விட்டத்தில் செய்து வைத்திருந்தார்கள். உள்ளே பாலிசல்ஃபைடு ரப்பர். இரண்டாம் கட்டத்தில் பதினொன்று, மூன்றாம் கட்டத்தில் மூன்று, உச்சியில் ஒன்று. பதினைந்தையும் ஒரு சுழலும் தொட்டியில் அடுக்கிச் சுற்றவிட்டார்கள். ஒன்று கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் சுழற்சியில் சரியாகிவிடும். 1958 ஜனவரி 31 இரவு எக்ஸ்ப்ளோரர்-1 சுற்றுப்பாதைக்குப் போனது. மறுநாள் செய்தியாளர்கள் முன் செயற்கைக்கோளின் மாதிரியை மூன்று பேர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த படம் புகழ்பெற்றது: அப்போதைய ஜே.பி.எல். இயக்குநர் பிக்கரிங், செயற்கைக்கோளின் கருவியைச் செய்த வான் ஆலன், ஃபான் பிரவுன். அந்தப் படத்தில் பார்ட்லி இல்லை.

ஆனால் அவர் தொடங்கிய கம்பெனி ஏழு வாரத்தில் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. மார்ச் 17 அன்று வான்கார்ட்-1 ஏறியபோது அதன் மூன்றாம் கட்டம் கிராண்ட் சென்ட்ரல் செய்த திட மோட்டார். செயற்கைக்கோள் ஒன்றரைக் கிலோ எடையுள்ள பந்து, பம்பளிமாஸ் அளவுதான். எக்ஸ்ப்ளோரர்-1 1970இல் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துவிட்டது. வான்கார்டும் அதைத் தள்ளிவிட்ட அந்த மோட்டாரின் காலிக் கூடும் உயரமான பாதையில் போனதால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மனிதன் அனுப்பியவற்றில் சுற்றுப்பாதையில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பொருட்கள் அவை இரண்டும்தான்.

இதற்கிடையில் அலுமினியத் தூள் வந்து சேர்ந்தது. கலந்தால் சூடும் விசையும் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் போட்டால் பயன் குறையும் என்று கணக்கு சொன்னது. அட்லாண்டிக் ரிசர்ச் கம்பெனியில் கீத் ரம்பெல், சார்ல்ஸ் ஹெண்டர்சன் என்ற இருவரும் 1950களின் நடுவில் அந்தக் கணக்கை மதிக்காமல் அதற்கு மேல் அள்ளிப் போட்டார்கள். விசை கூடிக்கொண்டே போனது. கூடவே, எரியும்போது அழுத்தம் தாறுமாறாக அதிரும் நோயையும் அலுமினியத் துகள் அடக்கியது.

ராணுவத்துக்கு இனி தயக்கம் இல்லை. 1960 ஜூலையில் கடலுக்கடியிலிருந்து நீர்மூழ்கி ஒன்று போலாரிஸ் ஏவுகணையைச் சுட்டது. விமானப்படையில் எட்வர்ட் ஹால் என்ற பொறியாளர்-அதிகாரி, திரவ எரிபொருளை நிரப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரியின் குண்டு வந்து விழுந்துவிடும் என்று வாதாடி, மினிட்மேனைக் கொண்டுவந்தார். பட்டனை அழுத்தியதும் கிளம்பத் தயாராக, குழியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அணு ஏவுகணை. மூன்று கட்டமும் திட எரிபொருள். முதல் கட்டம் தயோகால் தயாரிப்பு. இந்த ஹாலின் தம்பி தியோடர்தான் லாஸ் அலமாஸிலிருந்து அணுகுண்டு ரகசியத்தைச் சோவியத்துக்குக் கொடுத்தவர். அண்ணன் ஏவுகணை, தம்பி குண்டு. நாவலில் எழுதினால் நம்பமாட்டோம். இந்தத் தொழிலுக்குப் பணம் கொட்டியது விண்வெளிக்காக அல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நகரங்களை அழிக்கத் தயாராக வைத்திருந்த ஆயுதத்தின் செலவில்தான் விண்வெளி மோட்டாரும் வளர்ந்தது.

பாலிசல்ஃபைடு அதோடு ஓய்வு பெற்றது. அதிலுள்ள கந்தகம் கனமான அணு, விசை குறைவு. அடுத்தடுத்த பைண்டர்கள் பியூட்டாடையீன் குடும்பத்திலிருந்து வந்தன: பி.பி.ஏ.என்., பிறகு எச்.டி.பி.பி. பொருள் மாறினாலும் பார்ட்லியின் முறை மாறவில்லை. திரவ ரப்பரில் உப்பைக் கலந்து, சுவரோடு ஒட்டும்படி ஊற்றி, நடுவில் துளை விட்டு, அடுப்பில் வைத்து இறுக விடு.

விண்வெளி ஓடத்தின் இருபுறமும் நின்ற வெள்ளைத் தூண்களை அப்படித்தான் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 500 டன் மருந்து: அம்மோனியம் பெர்குளோரேட் கிட்டத்தட்ட 70 பங்கு, அலுமினியம் 16 பங்கு, மீதி 14 பங்கில்தான் பைண்டரும் அதை இறுக்கும் சேர்மானமும். அந்தப் பதினான்கு பங்கு மற்ற எண்பத்தாறையும் பிடித்து வைத்திருந்தது. ஒரு தூணை நான்கு துண்டாக வார்த்து, ரயிலில் கொண்டுவந்து அடுக்கி, மூட்டுகளில் ரப்பர் வளையம் வைத்தார்கள். 1986 ஜனவரி 28 காலை சாலஞ்சர் கிளம்பியபோது வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருந்தது. குளிரில் வளையம் விறைத்து மூட்டை அடைக்கவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். முந்தின இரவே தயோகால் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஸ்ஜாலி முதலானவர்கள், கிளப்பாதீர்கள் என்று தொலைபேசியில் மன்றாடினார்கள். கம்பெனி நிர்வாகம் அவர்களை ஓரங்கட்டிவிட்டு நாசாவுக்குச் சம்மதம் சொன்னது. மருந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ரப்பரைப் பற்றி எல்லாம் தெரிந்த கம்பெனியின் பேச்சை ரப்பர் விஷயத்தில் கேட்காமல் போனார்கள், அதுவும் அந்தக் கம்பெனியின் மேலதிகாரிகளே.

*

இந்தியாவில் இதே பாதையைக் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். தும்பாவில் தொடக்க காலச் சிறு ராக்கெட்டுக்குக் கார்டைட் மருந்து. பிறகு பிரான்சிலிருந்து வாங்கிய சென்டாரே ராக்கெட் தொழில்நுட்பத்தில் பி.வி.சி. பைண்டர். பிரிட்டனில் திட மோட்டார் ஆய்வில் இருந்த வேதிப் பொறியாளர் வசந்த் கோவாரிகர், விக்ரம் சாராபாய் அழைத்து 1967இல் தும்பா வந்தார். மருந்தை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தால் என்றாவது ஒருநாள் கதவை அடைப்பார்கள் என்ற எச்சரிக்கை அந்தத் தலைமுறைக்கு இருந்தது, அடைக்கவும் செய்தார்கள். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளை ஏற்றியபோது நான்கு கட்டமும் திட எரிபொருள். கீழ் இரண்டில் பி.பி.ஏ.என். அப்துல் கலாம் திட்ட இயக்குநர்; கோவாரிகர் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர். இடையில் நம் வேதியியலாளர்கள் ஆமணக்கெண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருளை வைத்து ‘இஸ்ரோ பாலியால்’ என்ற சொந்தப் பைண்டரையும் செய்தார்கள்.

பி.எஸ்.எல்.வி.க்கு எச்.டி.பி.பி.யை இஸ்ரோவே உருவாக்கி, தயாரிக்கும் முறையை நோசில் கம்பெனிக்குக் கொடுத்தது. அம்மோனியம் பெர்குளோரேட்டுக்கு ஆலுவாவில் ஆலை. எஸ்-139 என்ற அடிக்கட்ட மோட்டார் 2.8 மீட்டர் விட்டம், ஐந்து துண்டு, 139 டன் மருந்து. 1993 செப்டம்பரில் முதல் பி.எஸ்.எல்.வி. தோற்றபோதும் அடிக்கட்டம் சரியாகவே வேலை செய்தது. எல்.வி.எம்.-3க்கு இதைவிடப் பெரிய எஸ்-200; 2010 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் தரைச் சோதனை. 2023இல் சந்திரயான்-3ஐத் தூக்கியவை அதில் இரண்டு.

ஸ்ரீஹரிகோட்டாவில் மருந்து கலக்கும் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று எட்டத்தில், மண்மேடுகளுக்குப் பின்னால் இருக்கும். உப்பை அரைத்துச் சலித்து, அலுமினியத்தோடும் ரப்பர் திரவத்தோடும் பெரிய மிக்சரில் மணிக்கணக்கில் பிசைவார்கள். ஆள் தூரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். காற்றுக் குமிழ் நிற்காமல் இருக்க வெற்றிடத்தில் ஊற்றுவார்கள். அடுப்பில் நாள்கணக்கில் இறுகியதும் துளைக்காக நடுவில் நிறுத்திய அச்சை உருவுவார்கள். அதற்குப் பின் எக்ஸ்-ரே: விரிசல் இருக்கிறதா, சுவரை விட்டு விலகியிருக்கிறதா, உள்ளே குமிழ் இருக்கிறதா. முதல் இரண்டும் 1941இல் பாசடீனாக்காரர்கள் பயந்தவையே. இவ்வளவு செய்தும் ஆபத்து போய்விடுவதில்லை. 2004 பிப்ரவரியில் அங்கே மருந்து தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல் நேரே தெற்கே கடலுக்கு மேல் ஏவலாம் என்பது காரணம். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவில் வீணாகும் எரிபொருள் பெரிய இழப்பு. அங்கிருந்து போகவிருக்கும் எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முக்கியக் கட்டங்களும் திட எரிபொருள். மூன்றிலும் பைண்டர் எச்.டி.பி.பி.